குரல் முன்னே, சக்கரம் பின்னே

கண்ணால் கண்டவற்றை நினைவிலிருந்து மீட்டுக்கொள்ளப் புகைப்படங்கள் துணை நிற்கின்றன. காதால் கேட்டவற்றை மீட்டுக்கொள்ள அத்தகைய துணை நம்மில் பெரும்பாலோருக்கு வாய்ப்பதில்லை. என் இளமைப் பருவம் கழிந்த ஈரோட்டு ரயில்வே காலனியின் ஓட்டு வீடுகளும், தெருமுனை வேப்பமரங்களும், கையில் டிபன் கேரியருடன் வேலைக்குப் போகும் தொழிலாளர்களும் எங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அந்த வீடுகளின் ஜன்னல்களை இரவும் பகலும் அதிரச் செய்துகொண்டிருந்த டீசல் எஞ்சின்களின் ஓசை எந்த ஆல்பத்திலும் இல்லை. மின்சார எஞ்சின்கள் வந்தன. பழையவை ஒவ்வொன்றாக விடைபெற்றன. அவற்றோடு அவற்றின் குரலும் போயிற்று. அந்தக் குரலை, எட்டு அங்குலத்துக்கும் குறைந்த நீளமுள்ள ஒரு மாதிரி எஞ்சினுக்குள் மறுபடியும் குடியேற்ற வேண்டும் என்ற ஆசையால், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்னர் நான் மேற்கொண்ட பிரயத்தனங்களையும், அவற்றின் வழியாக நான் அறிந்துகொண்ட ஓர் உண்மையையும் இங்கே எழுத விரும்புகிறேன்.

நான் சொல்லும் எஞ்சின், ரயில்வேக்காரர்கள் 'டபிள்யூ.டி.எம்.-2' என்று அழைத்த அகல ரயில்பாதை டீசல் எஞ்சின். அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து ஸ்கெனெக்டடி நகரில் இருந்த ஆல்கோ என்னும் புராதனமான கம்பெனி அதை நமக்காக வடிவமைத்து, 1962-ல் முதல் தொகுதியை அனுப்பி வைத்தது; பின்னர் அந்தக் கம்பெனியின் ஒத்துழைப்போடு காசியில் அமைக்கப்பட்ட டீசல் எஞ்சின் தொழிற்சாலை 1964 ஜனவரியில் தன் முதல் எஞ்சினை வெளியிட்டது. ஸ்கெனெக்டடியில் 1969-ல் உலை அணைந்து கதவு மூடப்பட்ட பின்னரும், அங்கே பிறந்த அதே வடிவம் கங்கைக் கரையில் தொண்ணூறுகளின் இறுதிவரை பிறந்துகொண்டே இருந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் தேசம் முழுவதும் பரவியது. பதினாறு சிலிண்டர்களைக் கொண்ட '251' என்னும் யந்திரமும், 2600 குதிரைச் சக்தியும், 112 டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடைய அந்த எஞ்சினை இழுவைக்காக மட்டும் அறிந்தவர்கள் ஒரு விதத்தில் அறிந்தார்கள். பக்கத்திலேயே குடியிருந்த எங்களுக்கோ அதன் குரல்தான் அதன் முகம்.

நின்றுகொண்டிருக்கும்போது நிமிஷத்துக்கு 400 சுற்று என்ற நிதானத்தில் அது முனகும்; அந்த முனகல் சீராக வராமல், ஒரு கணம் தயங்கி மறுகணம் தன்னைத் திரட்டிக்கொண்டு வரும். டிரைவர் 'நாட்ச்' என்னும் சக்திப் படிகளில் முதலாவதைப் போட்டதும் அடிவயிற்றிலிருந்து ஒரு குமுறல் எழும். எட்டு நாட்ச்களில் ஒவ்வொன்றாக ஏற ஏற, அந்தக் குமுறலின் மேல் டர்போவின் மெல்லிய சீழ்க்கை ஒன்று படரும். எரிபொருள் உடனே அதிகரித்து, அதற்கு வேண்டிய காற்றை டர்போ சற்றுத் தாமதித்தே கொடுக்கும் காரணத்தால், கரும்புகை திரண்டு மேலே போகும். ஆயிரம் சுற்றை எட்டும்போது தண்டவாளத்துக்கு இப்பாலுள்ள எங்கள் வீட்டு அடுக்களையில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும். இரவு நேரத்தில் இந்த ஓசையைக் கேட்டே, வந்தது சரக்கு வண்டியா, பிரயாணிகள் வண்டியா, பாரம் அதிகமா, குறைவா என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள்.

பல ஆண்டுகளுக்குப் பிற்பாடு, அமெரிக்காவில் வேலையிலிருந்த என் மைத்துனர் விடுமுறைக்கு வந்தபோது, நான் கேட்டிருந்தபடி அந்தத் தேசத்து எஞ்சின் ஒன்றின் மாதிரியை வாங்கி வந்தார். 'ஆர்.எஸ்.டி.-12' என்ற அந்த எஞ்சினும் ஆல்கோ கம்பெனியின் தயாரிப்பே. நீளத்தில் நம் எஞ்சினுக்கு ஏறத்தாழ ஒத்தது. மூன்று அச்சுகள் கொண்ட போகிகளில் ஓர் அச்சு மற்ற இரண்டிலிருந்தும் சற்று விலகி, இடைவெளி சமமின்றி நிற்கும் அந்த 'டிரைமவுண்ட்' அமைப்பு இரண்டுக்கும் பொதுவானது. 87-ல் ஒரு பங்கு என்ற அளவில் செய்யப்பட்ட அந்த மாதிரி, 16.5 மில்லிமீட்டர் அகலமுள்ள தண்டவாளத்தில் ஓடக்கூடியது. நமது அகல ரயில்பாதையின் 1676 மில்லிமீட்டரை அதே விகிதத்தில் சுருக்கினால் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே வரும். ஆகவே, சக்கரங்கள் இருக்கவேண்டியதைவிட ஒரு நூலிழை உள்ளே ஒதுங்கித்தான் நிற்கும். சக்கரங்களை மாற்றி, தண்டவாளத்தையும் கையாலேயே அமைக்கும் நிபுணர்கள் இருக்கிறார்கள். நான் அந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டு, என் சக்தியை உடலிலும் குரலிலும் செலவிடத் தீர்மானித்தேன்.

உடலை மாற்றும் வேலை பொறுமையை வேண்டுவது. முன்னும் பின்னும் உள்ள மூக்குப் பகுதிகளை மெல்லிய ரம்பத்தால் அறுத்தெடுத்து, பிளாஸ்டிக் தகடுகளை வெட்டி ஒட்டி, ஓரங்களை உப்புத்தாளால் வழித்து, நம் எஞ்சினுக்குரிய வடிவத்துக்குக் கொண்டுவந்தேன். அமெரிக்க எஞ்சினுக்குப் பக்கவாட்டுப் பஃபர்கள் கிடையா; நம்முடையதற்கு இரண்டு முனைகளிலும் அவை வேண்டும். கடைசல் பிடித்த பித்தளைப் பஃபர்களைப் பொருத்தி, நடுவே திருகுச் சங்கிலியையும் மாட்டியவுடன், அதுவரை அயல்நாட்டுப் பொருளாய் இருந்த அது சட்டென்று நம்மூர்க் களையைப் பெற்றது. அரக்குச் சிவப்பும் அதன் நடுவே ஓடும் மஞ்சள் பட்டையுமாக வர்ணம் தீட்டி, அதன் மேல் மிக மெல்லிய பழுப்பும் சாம்பலும் கலந்து தூவி, புகைபோக்கியைச் சுற்றிக் கரியின் சாயையைப் படரவிட்டு, டீசல் ஊற்றும் வாயின் கீழே எண்ணெய் வழிந்த தடத்தையும் போட்டேன். ஆனால் எஞ்சின் மௌனமாகவே இருந்தது. தண்டவாளத்தில் வைத்து ஓட்டினால் பல்சக்கரங்களின் சிறு கிறுகிறுப்பு ஒன்றைத் தவிர வேறு ஓசை இல்லை. தோற்றம் பூரணமாக அமைய அமைய, அந்த மௌனம் எனக்குப் பெருங்குறையாகவே பட்டது.

குரலைக் கொடுக்கும் சாதனத்தைப் பற்றிச் சிறிது விளக்க வேண்டும். பழைய முறையில் தண்டவாளத்துக்குக் கொடுக்கும் மின்சாரத்தைக் கூட்டியும் குறைத்துமே வண்டியின் வேகம் மாற்றப்பட்டது. வண்டி நின்றால் மின்சாரமும் நின்றுவிடும். ஆகவே நிற்கும் எஞ்சினுக்குக் குரல் கொடுக்க வழியே இல்லை. ஜெர்மனியில் லென்ஸ் நிறுவனம் உருவாக்கி, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் தொண்ணூறுகளில் பொதுவிதியாக ஏற்றுக்கொண்ட டி.சி.சி. என்னும் முறையோ, தண்டவாளத்தில் எப்பொழுதும் முழு மின்சாரத்தையும் இருக்கச் செய்து, அந்த மின்சாரத்தின் திசையை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை மாற்றுவதன் மூலமே கட்டளைகளை அனுப்புகிறது. 58 மைக்ரோ வினாடிக்கு ஒருமுறை திசை மாறினால் அது 'ஒன்று'. 100 மைக்ரோ வினாடி எடுத்துக்கொண்டால் அது 'சைபர்'. ஒன்றும் சைபரும் தொடுத்த அந்த வாக்கியங்களில், தன் எண்ணுக்கு உரியதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, மோட்டாரையும் விளக்கையும் ஒலியையும் ஆள்கிற சிறு மின்பலகைக்கு டிகோடர் என்று பெயர். கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிது பெரிதான அந்தப் பலகைக்குள், நிஜ எஞ்சின்களின் அருகே மைக் வைத்துப் பதிவு செய்யப்பட்ட ஓசைகள் நிரம்பியிருக்கின்றன.

டிகோடரைப் பொருத்துவதில் முதல் நியமம் ஒன்று உண்டு. மோட்டாரின் இரு பிரஷ்களும் தண்டவாள மின்சாரத்தை நேரே தொடாதபடி முற்றிலும் பிரிக்கப்பட வேண்டும். பிரிக்காமல் மின்சாரம் பாய்ச்சினால் டிகோடர் அந்தக் கணமே எரிந்துபோகும். என்னிடம் இருந்த எஞ்சினின் சேசிஸ் இரண்டு உலோகப் பாதிகளால் ஆனது. இடப்பாதி இடத் தண்டவாளத்தின் மின்சாரத்தையும், வலப்பாதி வலத் தண்டவாளத்தின் மின்சாரத்தையும் தாங்கி நின்றது. மோட்டாரை வெளியே எடுத்து, அது அமரும் இடத்தில் சூடு தாங்கும் மஞ்சள் நாடாவை ஒட்டி, ஒவ்வொரு இணைப்பையும் மீட்டர் வைத்துச் சோதித்த பிறகே வயர்களை ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். சிவப்பு வலத் தண்டவாளத்துக்கு, கறுப்பு இடத் தண்டவாளத்துக்கு. ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. வெள்ளை முன்விளக்குக்கு, மஞ்சள் பின்விளக்குக்கு, நீலம் விளக்குகளுக்குப் பொதுவானது. இந்த நிறங்கள் பெரும்பாலான டிகோடர்களில் ஒன்றே. தண்டவாளத்தில் தூசி இருக்கும் இடத்தில் மின்சாரம் ஒரு கணம் தடைப்பட்டாலும் குரல் அறுந்து போகாதிருக்க, ஒரு கெப்பாசிட்டரையும் உடன் சேர்த்தேன்.

ஸ்பீக்கருக்கு இடம் தேடுவதுதான் அதைவிடக் கடினம். கைத்தொலைபேசிகளுக்காகச் செய்யப்பட்டு, சர்க்கரைக்கட்டி அளவே உள்ள சிறிய ஸ்பீக்கர்களை இப்போது எல்லாரும் உபயோகிக்கிறார்கள். அதை வெறுமனே உள்ளே வைத்தால், முன்புறம் எழும் அலையும் பின்புறம் எழும் அலையும் ஒன்றையொன்று அழித்து, கொசுவின் ரீங்காரமே மிஞ்சும். அதன் பின்புறத்தைக் காற்றுப் புகாத ஒரு சிறு பெட்டியால் மூடிவிட்டாலோ, வீணையின் குடம் தந்திக்குக் கொடுக்கும் பலத்தை அந்தப் பெட்டி அதற்குக் கொடுக்கிறது. இடத்துக்காகச் சேசிஸின் உலோகத்தில் ஒரு பகுதியை அரத்தால் ராவி எடுத்தேன். அதனால் குறைந்த எடையை ஈயத் துண்டுகளால் ஈடு செய்தேன். கணக்குப் பார்த்தால் ஆச்சரியமான ஒரு விஷயம் புலப்படும். பதினாறு சிலிண்டர் யந்திரம் ஒரு சுற்றுக்கு எட்டு முறை வெடிக்கிறது; நிமிஷத்துக்கு 400 சுற்று என்றால் நொடிக்கு ஏறத்தாழ 53 வெடிப்புகள். அவ்வளவு தாழ்ந்த சுருதியை அந்தச் சிறு ஸ்பீக்கரால் எழுப்பவே முடியாது. ஆயினும் அதற்கு மேலுள்ள ஸ்வரங்கள் ஒழுங்காக ஒலித்தால், இல்லாத அடிச்சுருதியை நம் செவி தானாகவே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது.

இனி, எந்தக் குரலைக் கொடுப்பது? மைத்துனர் கொண்டுவந்த மாதிரியின் மூலமான அமெரிக்க எஞ்சினுக்குப் பன்னிரண்டு சிலிண்டர், நம்முடையதற்குப் பதினாறு. இரண்டும் '251' என்னும் ஒரே வம்சந்தான் என்றாலும், ஒரே சுற்று வேகத்தில் முன்னதன் வெடிப்பு நொடிக்கு 40. பழகிய காதுக்கு அந்த வித்தியாசம் ஒளிவதில்லை. ஆகவே பதினாறு சிலிண்டர் யந்திரத்தின் ஓசை அடங்கிய டிகோடரையே தேடி வாங்கினேன். ஸ்கெனெக்டடியில் பிறந்து அமெரிக்கச் சமவெளிகளில் உழைத்த யந்திரத்தின் முனகலும், காசியில் பிறந்து எங்கள் வீட்டு ஜன்னலை ஆட்டிய யந்திரத்தின் முனகலும் ஒன்றே என்பதை முதன்முதலில் அந்தச் சிறு பெட்டியிலிருந்து கேட்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

ஆனால் மற்ற ஓசைகள் அந்நியமாயிருந்தன. அமெரிக்க எஞ்சின் நிலையத்துக்குள் நுழையும்போது மணி அடித்துக்கொண்டு வரும். நம் எஞ்சினுக்கு மணி கிடையாது. அதன் ஹாரன் பல குழல்கள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டு நாதம், நம்முடையது வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் வண்டிகள் நெடுங்காலம் வாக்குவம் பிரேக்கில் ஓடின. அதற்காகக் காற்றை அமுக்குவதும் உறிஞ்சுவதும் ஆகிய இரண்டையும் ஒன்றாகச் செய்த 'எக்ஸ்பிரஸர்' என்னும் யந்திரத்தின் இடைவிடாத தடதடப்பும், பிரேக் போடும்போது குழாய்க்குள் காற்று புகும் நீண்ட பெருமூச்சும் நம் எஞ்சினுக்கே உரிய சப்தங்கள். ஜெர்மனியின் ஈ.எஸ்.யு. நிறுவனத்தார் தங்கள் லோக்சவுண்டு டிகோடரில் உபயோகிப்பவரே ஓசைகளை மாற்றிக்கொள்ள ஒரு கருவியைக் கொடுக்கிறார்கள். மணியை நீக்கினேன். நம் ஹாரனுக்காக, டீசல் எஞ்சின்கள் இன்னும் வந்துகொண்டிருந்த ஒரு பாதையின் லெவல் கிராசிங் அருகே, சாலை ஓரத்தில் நின்று, அதே வம்சத்தில் பிந்திப் பிறந்த எஞ்சின்களின் ஒலியைப் பதிவு செய்துகொண்டு வந்தேன். காற்றும் காகங்களும் கலக்காத விடியற்காலையே அதற்கு உகந்த நேரம்.

இவ்வளவும் செய்த பின்னர், எங்கள் காலனியில் வாழ்ந்தவரும், நெடுங்காலம் டீசல் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவருமான ஒரு பெரியவரை வீட்டுக்கு அழைத்து, அந்த எஞ்சினை ஓட்டிக் காண்பித்தேன். அவர் பார்க்கவில்லை, கண்களை மூடிக்கொண்டு கேட்டார். முனகலைக் கேட்டுத் தலையசைத்தார். ஹாரனைக் கேட்டுப் புன்னகை செய்தார். வண்டி புறப்பட்டதும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"தம்பி, சத்தமெல்லாம் சரியா இருக்குதுங்க. ஆனா நாட்ச் போட்டதும் சத்தமும் ஓட்டமும் ஒண்ணாக் கிளம்புது பாருங்க, அது லோடு இல்லாத வண்டி. நெச வண்டியில எஞ்சின்தான் மொதல்ல பேசும். அப்புறம் ஆம்பியர் ஏறும். அதுக்கும் அப்புறந்தான் வண்டி அசையும்."

"அப்படியானால் ஓடும்போது எப்படிங்க ஐயா இருக்க வேண்டும்?" என்று கேட்டேன்.

"மேட்டுல ஏறுறப்போ வேகம் கொறையும், சத்தம் கூடும். எறக்கத்துல வேகம் கூடும், சத்தம் அடங்கிப் போயிரும். வேகத்தைக் கண்ணுதான் பார்க்கும். பாரத்தைக் காதுதானுங்க பார்க்கும்."

நீராவி எஞ்சினுக்கும் டீசல் எஞ்சினுக்கும் உள்ள பேதம் முழுவதும் இந்தச் சொற்களில் அடங்கியிருக்கிறது. இரண்டு சிலிண்டர்களைக் கொண்ட நீராவி எஞ்சினில் சக்கரம் ஒரு முறை சுழன்றால் நான்கு மூச்சு; சக்கரம் நின்றால் மூச்சும் நிற்கும்; அங்கே ஓசையும் ஓட்டமும் ஒரே தடியால் இணைக்கப்பட்டவை. டீசல் எஞ்சினிலோ, யந்திரம் ஜெனரேட்டரைச் சுழற்ற, அதன் மின்சாரம் அச்சுகளில் உள்ள மோட்டார்களுக்குப் போய், அவையே சக்கரங்களைத் திருப்புகின்றன; யந்திரத்துக்கும் சக்கரத்துக்கும் நேரடியான பிணைப்பு எதுவும் இல்லை. ஆகவே முயற்சிக்கும் அதன் பலனுக்கும் இடையே ஓர் இடைவெளி ஏற்படுகிறது. ஆயிரக்கணக்கான டன் பாரம் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. அளவில் சுருங்கிய மாதிரி எஞ்சினுக்குப் பாரம் கிடையாது. அது இழுக்கும் பெட்டிகளைக் குழந்தை ஒரு விரலால் தள்ளிவிடும். அந்த இல்லாத பாரத்தை உண்டாக்கிக் காட்டக்கூடியது, குரலுக்கும் சக்கரத்துக்கும் இடையே நாம் கிரமமாக வைக்கும் தாமதம் ஒன்றே.

பெரியவர் சொன்னதை மனத்தில் வைத்துக்கொண்டு, டிகோடரின் குணங்களை நிர்ணயிக்கும் சி.வி. என்ற எண்களுக்குத் திரும்பினேன். வேகம் எடுக்கும் நிதானத்தை ஆளும் சி.வி. 3-ஐயும், வேகம் தணியும் நிதானத்தை ஆளும் சி.வி. 4-ஐயும் பெரிய எண்களுக்கு உயர்த்தினேன். நாட்ச் ஏறியதும் குரல் உடனே எழுந்து, சக்கரம் தாமதித்தே பின்தொடரும்படி அமைத்தேன். ஓடும் வேகத்தை மாற்றாமல் யந்திரத்தின் குரலை மட்டும் ஏற்றவோ இறக்கவோ உதவும் வசதியை ஒரு பொத்தானுக்குக் கொடுத்தேன். இதன் பிறகு எஞ்சினை ஓட்டுவதே ஒரு வித்தையாகிவிட்டது. நிலையத்துக்குள் நிறுத்த வேண்டுமானால் மிகத் தூரத்திலேயே குரலைத் தணித்து, வண்டியைத் தன் போக்கில் உருள விட்டு, கடைசியில் பிரேக் போட வேண்டும். அவசரக்காரனுக்கு அது இணங்காது.

ஓசையின் அளவிலும் ஒரு தர்மம் உண்டு. வாங்கிய நிலையில் டிகோடர் கூடத்தையே நிரப்பும்படி முழங்கும். 87-ல் ஒரு பங்கு எஞ்சினை மூன்றடித் தூரத்தில் நின்று பார்ப்பவன், நிஜ எஞ்சினை எண்பது கஜத்துக்கும் மேற்பட்ட தூரத்தில் நின்று பார்ப்பவனுக்குச் சமானம். அவ்வளவு தூரத்தில் கேட்கும் ஓசை எவ்வளவோ அவ்வளவே போதும். நான் குறைத்துக் குறைத்துக் கொண்டுபோய், பேச்சுக் குரலுக்குக் கீழே நிறுத்தியபோது அது உண்மையாயிற்று. அடுத்த முறை பெரியவர் வந்தபோது, முதல் நாட்ச்சில் எழுந்த குமுறலைக் கேட்டார். சக்கரம் அசையும்வரை காத்திருந்தார். "இப்ப இழுக்குதுங்க தம்பி" என்றார். அதற்கு மேல் எனக்கு ஒரு நற்சாட்சி தேவைப்படவில்லை.

இந்தக் கலையில் இறங்க விரும்பும் இளைஞர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்லக்கூடியது இதுதான்: டிகோடர் வாங்குவதற்கு முன்னர் நிஜ எஞ்சின் ஒன்று புறப்படும்போது அருகே நின்று முழுமையாகக் கேளுங்கள், குரல் எழுந்ததற்கும் சக்கரம் அசைந்ததற்கும் இடையே என்ன நடந்தது என்று கவனியுங்கள், பின்னர் வர்ணத்தையும் வயரையும் பற்றி யோசிக்கலாம். மற்ற வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. தேசத்தின் அகல ரயில்பாதைகள் பெரும்பாலும் மின்மயமாகிவிட்டன. அந்தப் பதினாறு சிலிண்டர் யந்திரங்கள் வேகமாக மறைந்து வருகின்றன. அவற்றின் உருவத்தைக் காட்சிச்சாலைகள் காப்பாற்றும். ஆனால் அங்கே நிற்கும் எஞ்சின்கள் பேசுவதில்லை. நம் ஒவ்வொருவர் கையிலும் இன்று பதிவு செய்யும் சாதனம் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பாதையில் ஒரு பழைய டீசல் எஞ்சின் இன்னும் வருமானால், பத்திரமான இடத்தில் நின்று, அது புறப்பட்டுத் தொலைவில் மறையும்வரை வாய் பேசாமல் அதன் ஓசையைப் பதிவு செய்யுங்கள். தேதியையும் ஊரையும் எஞ்சினின் எண்ணையும் உடன் குறித்து வையுங்கள். அதை ஓட்டிய பெரியவர் யாரேனும் அண்டையில் இருந்தால், அவரை அருகே உட்காரவைத்து, அந்த ஓசைக்கு அர்த்தம் என்னவென்று கேட்டு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வேலையைச் செய்ய இன்னும் சில ஆண்டுகளே அவகாசம் உண்டு.